ஸ்டூலின் நான்காவது கால்

வருஷத்துக்கு இரண்டு முறை எங்கள் தெருவின் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். கால் ஒடிந்த கட்டில், கறை படிந்த மெத்தை, யாரோ ஆசையாக வாங்கி ஒரு வாரம் ஓடிவிட்டு அப்புறம் துணி காயப்போட்ட ஓட்ட மெஷின், எல்லாவற்றையும் நடைபாதை ஓரமாகக் குவித்து வைப்போம். வெள்ளிக்கிழமை காலையில் நகராட்சி லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். அதற்குள் யாருக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். கேட்டைத் தாண்டிவிட்டால் அது ஊர்ப்பொருள். ‘வேண்டாத வாரம்’ என்று நாங்களே அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம்.

இதில் ஓர் அல்பத்தனமும் உண்டு. சிலர் சோபாவைக் கத்தியால் கீறிவிட்டு, மின்விசிறியின் ஒயரை வெட்டிவிட்டுத்தான் வெளியே வைப்பார்கள். தனக்கும் வேண்டாம், அடுத்தவனும் அனுபவிக்கக் கூடாது. வைக்கோல் போர் நாய்க்கு இவர்கள் பாடம் எடுக்கலாம். நானும் ஒருமுறை மெத்தையைக் கிழித்துப் போட்டவள்தான். அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

வேண்டாத வாரத்தின் ராஜா எங்கள் பஸ் டிரைவர். தெரு அவருக்கு வைத்த பெயர் காக்கா. எந்தக் குவியலையும் விடமாட்டார். ஒவ்வொரு பொருளையும் கவிழ்த்துப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், உட்கார்ந்து ஆட்டிப் பார்ப்பார். பிறகு தோளில் போட்டுக்கொண்டு போய்ச் சரிசெய்துவிடுவார். அவர் மனைவி தெருமுனை சலூனில் பெண்களுக்கு முடி வெட்டுகிறாள். "என்னையும் ஏதோ நடைபாதையிலதான் பொறுக்கிட்டு வந்தாரு" என்று சிரிப்பாள்.

அவர்களுக்கு எதிர் வீடு கணக்கு டீச்சருடையது. சுவிட்ச் போய்விட்டதென்று போன தடவை டீச்சர் பழைய சோபாவோடு சேர்த்து வெளியே வைத்த ஸ்டாண்டு விளக்கு, இப்போது தினமும் சாயங்காலம் டிரைவர் வீட்டு ஜன்னலில் எரிகிறது. டீச்சரின் நாத்தனார் வந்தபோது அதைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணி, அது உங்க லைட்டுல்ல? ஜம்முன்னு எரியுது. ஒரு சுவிட்ச் மாத்த உங்களுக்கு வலிச்சுதா?"

அது போதாதென்று, பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகள் எதிரிலேயே டிரைவர், "டீச்சர், நேத்து மத்தியானம் உங்க சோபாவுலதான் ஒரு தூக்கம் போட்டேன். என்னா சுகம்!" என்றார். பாசமாகத்தான் சொன்னார். டீச்சருக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது.

இந்தத் தடவை டீச்சர் வீட்டிலிருந்து போக வேண்டியது ஒரு உயரமான மர ஸ்டூல். ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர் குளிக்கப் போனதும், ரம்பத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனார். ஒரு காலை அறுத்துவிட்டால் காக்கா தொடமாட்டார் என்று கணக்கு. பாதி அறுத்ததும் கை வலித்தது. உள்ளே குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. திருட்டுப் பூனைபோல மரத்தூளை ஊதிவிட்டு, ஸ்டூலைத் தூக்கிப்போய் அறுத்த கால் சுவரைப் பார்க்கும்படி வாசலில் வைத்தார். அப்புறம் வந்து மீதியை அறுத்துவிடலாம் என்று நினைத்தார்.

திரும்புவதற்குள் டிரைவர் வந்து நின்றார்.

"டீச்சர், ஸ்டூலும் வேண்டாமா?"

"வேண்டாம், அண்ணே. புதுசு வாங்கிட்டோம்."

"ஆட்டம் கீட்டம் உண்டா?"

உண்டு என்றால் கவிழ்த்துப் பார்ப்பார். பச்சையான ரம்ப வெட்டு பல்லை இளிக்கும். ஏன் அறுத்தீங்க என்று கேட்டால் என்ன சொல்வது?

"இல்லையே. நல்லா திடமா இருக்கு."

"அப்ப பாக்கவே வேணாம். டீச்சர் சொன்னா சொன்னதுதான்."

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக டிரைவர் ஒரு பொருளைக் கவிழ்த்துப் பார்க்காமல் தோளில் போட்டுக்கொண்டு போனார். அன்றைக்கே முற்றத்தில் வைத்து நீல பெயிண்ட் அடித்தார். ஸ்டூலைக் கவிழ்க்காமல் நின்ற வாக்கிலேயே இரண்டு பூச்சு. வெட்டு பெயிண்டுக்குள் மூடிப்போனது. டீச்சர் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணே, அதுல ஏறாதீங்க என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். மறுநாள் பள்ளியில் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை இருந்தது.

செவ்வாய்க்கிழமை டிரைவரின் மனைவி மின்விசிறியைத் துடைக்க அந்த ஸ்டூலில் ஏறினாள். கால் படக்கென்று ஒடிந்தது. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது, கத்தரி பிடிக்கிற கை. எலும்பு கூடிவிடும், பழைய பிடி வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலம் அவள் தம்பி வந்து, உடைந்த ஸ்டூலையும் காலையும் வாசல் குவியலில் வீசியெறிந்தான். தெருவே கேட்கக் கத்தினான்.

"குப்பை பொறுக்கிப் பொறுக்கி எங்கக்கா கையையே குப்பையாக்கிட்டீங்களே, மாமா!"

"நான் சரியா பாக்கலப்பா. என் தப்புதான்."

டீச்சர் பெயரை அவர் எடுக்கவே இல்லை.

மறுநாள் டீச்சர் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார். கட்டுப்போட்ட கையோடு அவள் அந்த சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. இந்த முடியைக் கொஞ்சம் வாரி விடுறீங்களா? ஊருக்கெல்லாம் அழகு பண்ணி விட்டுட்டு நான் பேய் மாதிரி உக்காந்திருக்கேன். அவருக்கு வாரத் தெரியாது."

டீச்சர் சீப்பை வாங்கினார். சிக்கு எடுக்க ஆரம்பித்தார்.

"அவரை நினைச்சாத்தான் கஷ்டமா இருக்கு. சரியா சாப்பிடல. கேட்டா, பெயிண்ட் அடிக்கும்போது நான்தான் காலை லூஸாக்கிட்டேன்போலங்கிறாரு. இனிமே ரோட்டுல கிடக்கிற எதையும் தொட மாட்டாராம்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்தது. பின்னலைப் போட்டு முடித்து, "சீக்கிரம் சரியாயிரும், அக்கா" என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

வெள்ளிக்கிழமை காலையில் தெருமுனையில் லாரிச் சத்தம் கேட்டபோது, டிரைவர் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். மேசை, நாற்காலிகள், சைக்கிள், சுவர்க் கடிகாரம், சோபா, விளக்கு என்று எல்லாம் நடைபாதைக்கு வந்துகொண்டிருந்தன. தம்பி சோபாவின் ஒரு முனையைப் பிடித்திருந்தான். மனைவி கதவருகே நின்று, "வேண்டாங்க, விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பள்ளிக்குக் கிளம்பிய டீச்சர் தோள்பையோடு தெருவைக் கடந்தார்.

"அண்ணே, எதையும் வெளிய வைக்காதீங்க. ஸ்டூல் உங்களால உடையல. நான்தான் அறுத்து வச்சேன்."

டிரைவர் அவரைப் பார்த்தார். பிறகு லேசாகச் சிரித்தார்.

"எனக்காக நீங்க ஏன் டீச்சர் பொய் சொல்றீங்க?"

"பொய் இல்ல, அண்ணே. ரம்பத்தால அறுத்தேன்."

"டீச்சர் தங்கமானவங்க" என்றான் தம்பி. "மாமாவைக் காப்பாத்தப் பாக்குறாங்க. நீங்க போங்க டீச்சர், ஸ்கூலுக்கு நேரமாகுது."

பொய் சொன்னபோது மறுபேச்சு இல்லாமல் நம்பியவர்கள். டீச்சர் பையைக் கீழே போட்டுவிட்டுக் குவியலுக்குள் ஏறினார். மெத்தையைத் தள்ளி, பிளாஸ்டிக் வாளிகளை வீசி, இரண்டு கையாலும் துழாவினார். நாங்கள் எல்லோரும் அவரவர் வாசலில் நின்று வாயைப் பிளந்தோம். நீலக் கால் கடைசியில் ஓட்ட மெஷினுக்கு அடியில் கிடைத்தது. ஒடிந்த முனையை டிரைவரின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

பாதி, ரம்பம் போன வழவழப்பு. அதன் விளிம்பில் நீலம் கசிந்திருந்தது. மீதிப் பாதி சிலாம்பு சிலாம்பாகப் பிய்ந்திருந்தது. டிரைவர் கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்தார். தம்பி ஏதோ பேச வாயெடுத்தான், அக்கா அவன் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏன் டீச்சர்?" என்றாள். "தர இஷ்டமில்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவர் தொட்டிருக்கவே மாட்டாரே."

டீச்சர் நீலக் காலை டிரைவரின் கையில் கொடுத்துவிட்டுக் குவியலிலிருந்து இறங்கினார்.

டிரைவர் காலைக் குவியலில் போட்டுவிட்டுத் திரும்பினார். மேசையின் ஒரு முனையைப் பிடித்தார். தம்பி தானாக வந்து மறுமுனையைப் பிடித்தான். மேசை உள்ளே போனது. நாற்காலிகளும் சைக்கிளும் கடிகாரமும் போயின. யார் வீட்டிலிருந்து வந்தது எது என்று அவருக்குத் தெரியும். சோபாவையும் விளக்கையும் மட்டும் அவர் தொடவில்லை.

லாரி வந்து நின்றது. இறங்கிய ஆள் விளக்கைத் தூக்கித் திருப்பிப் பார்த்தான்.

"நல்லாத்தானே இருக்கு? எரியுமா, சார்?"

டிரைவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"நல்லா எரியும்" என்றார் டீச்சர்.

அந்த ஆள் தெருவைச் சுற்றிப் பார்த்தான். வாசலில் நின்ற எங்களில் யாரும் கை நீட்டவில்லை. அவன் விளக்கை லாரிக்குள் வீசினான்.