இரண்டு கிலோமீட்டருக்குள்

பள்ளிக்கூடத்திலிருந்து விசாரிக்க ஆள் வரும் என்று தெரிந்த நாளிலிருந்து அக்கா வீட்டில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

பள்ளியிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் பிள்ளைகளுக்குத்தான் இடம் என்பது விதி. நாங்கள் இருந்த கட்டடத்தை இடித்து இருபது மாடி எழுப்புவதாகச் சொல்லி எல்லோரையும் காலி செய்ய வைத்தார்கள். ரயில் பாதை முடியும் இடத்தில்தான் எங்களுக்குக் கட்டுப்படியாகும் வீடு கிடைத்தது. அங்கே வீடுகள் முளைத்த வேகத்தில் பள்ளிகள் முளைக்கவில்லை. இருந்த ஒன்றில் மூன்று ஷிஃப்ட், ஒரு வகுப்பில் எழுபது பேர். அதனால் மகளைத் திங்கள் முதல் வெள்ளி வரை அக்காவிடம் விட்டோம். பெற்றோர் வெளிநாட்டில் இருந்தால் உறவினர் முகவரி செல்லும் என்று யாரோ சொல்ல, படிவத்தில் அக்காவைப் பாதுகாவலர் ஆக்கினோம். ஒரே கையெழுத்தில் நானும் கணவரும் கடல் தாண்டிவிட்டோம்.

"கடல் தாண்டிப் போனவ இங்க வந்து குத்துக்கல்லாட்டம் உக்காந்திருந்தா எப்படிடி?" என்றாள் அக்கா. "வராதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?"

வந்திருக்கக் கூடாதுதான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குழாய்களுக்குப் பெயர் ஒட்டும் வேலை எனக்கு. அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு ஓடி வந்திருந்தேன். குழந்தை உளறிவிடுவாளோ என்று பயம் என்றேன். உண்மையில், ஒரு புதன்கிழமையில் அவள் முகம் எப்படி இருக்கும் என்று பார்த்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

"வந்தது வந்துட்ட. நீ இப்ப இவளுக்குச் சித்தி. மூஞ்சிய அப்படி வச்சுக்காத."

"சித்தி, தண்ணி வேணுமா?" என்றாள் என் ஏழு வயது மகள், இடுப்பில் கை வைத்து. அக்காவின் பையன்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்போடு வந்தார் அந்த அலுவலர் அம்மாள். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்து "இவங்க?" என்றார்.

"என் தங்கச்சி. அப்பப்ப வந்து எட்டிப் பாத்துட்டுப் போவா," என்றாள் அக்கா. அதில் பொய் ஏதும் இல்லை.

படுக்கையைக் காட்டச் சொன்னார், மகள் காட்டினாள். சீருடை இருக்கும் அலமாரி, பல் துலக்கும் பிரஷ், எல்லாவற்றையும் வீட்டுக்காரி மாதிரி காட்டினாள். அலுவலர் படிவத்தை மூடப் போனவர், ஏதோ தோன்றி நிறுத்தினார்.

"ஏம்மா, ராத்திரி காய்ச்சல் வந்தா யாரக் கூப்பிடுவ?"

இதை நாங்கள் ஒத்திகை பார்த்திருக்கவில்லை.

"பெரியம்மாவ," என்றாள். பிறகு யோசித்துத் திருத்தினாள். "கூப்பிடவே வேணாம். நான் புரண்டாலே அவங்க முழிச்சுக்குவாங்க."

பொய் சொன்னால் அவளுக்குக் காது மடல் சிவந்துவிடும். அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவக்கவில்லை.

அலுவலர் தலையாட்டிவிட்டு எழுந்தார். கதவு மூடியதும் அக்காவிடம் கேட்டேன், "காய்ச்சல் எப்ப வந்துச்சு?"

"போன மாசம், ரெண்டே நாள். சொன்னா நீ பதறியடிச்சு ரயிலேறுவ, வேலையும் போகும்னுதான்..." அவள் பாத்திரம் விளக்கப் போய்விட்டாள்.

எனக்கு என்ன ஆயிற்றோ, செருப்புகூடப் போடாமல் படியிறங்கினேன். இது என் மகள், எழுபது பேரோடு உட்காரட்டும், மூன்றாவது ஷிஃப்டில் படிக்கட்டும், புரண்டால் நான் முழித்துக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் இறங்கினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் முழங்காலைப் பிடித்தபடி நின்றிருந்தார் அவர்.

"இந்தத் தெருவுல இன்னைக்கு இது நாலாவது வீடும்மா," என்றார். "நாலு வீட்லயும் அப்பா அம்மா வெளிநாட்டுலதான். அந்த நாட்டுல இனிமே கால் வைக்க இடம் இருக்காது போல." சிரிக்காமல்தான் சொன்னார். "நான் எழுதிட்டேன். அஞ்சாவது முடியற வரைக்கும் யாரும் வந்து கேக்க மாட்டாங்க. நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே?"

அஞ்சாவது முடிய இன்னும் மூன்று வருடம். மூன்று வருடத்தை ஒரு வாக்கியத்தில் கலைத்துவிடலாம். அந்த வாக்கியம் என் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் எழுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒண்ணுமில்லீங்க. படி வழுக்கும், பாத்துப் போங்க."

மேலே வந்தேன். மகள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"பாஸாம்மா?"

"பாஸ்."

ஒரு துள்ளு துள்ளினாள். நான் கையை நீட்டுவதற்குள் சமையலறைக்கு ஓடி அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சோப்பு நுரை வழியும் இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்தபடி நின்றாள் அக்கா. அவளை அணைக்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. குழந்தையின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.