பின்சீட்டில் மூன்றாவது ஆள்

1

இந்தக் கதை ஒரு விரலைப் பார்த்துத் தோன்றியது. ஜகார்த்தாவில் நான் குடியிருந்த தெருவின் முனையில் காலையில் சிலர் நிற்பார்கள்; கார் வந்தால் விரலை உயர்த்துவார்கள். ஒரு விரல் என்றால் ஓர் ஆள். இடுப்பில் குழந்தை இருந்தால் இரண்டு விரல். நெரிசலைக் குறைக்க, பெரிய சாலையில் காருக்கு மூன்று பேராவது இருக்க வேண்டும் என்று அரசாங்கம் விதி போட்டிருந்தது. அக்கம்பக்கத்தார் சேர்ந்து போவார்கள் என்று நினைத்தார்கள் பாவம். எங்கள் ஊர்க் கார்க்காரர்கள் ஆளை வாடகைக்கு ஏற்றிக்கொண்டார்கள்.

(இறங்கியவர்கள் திரும்பி வர பஸ் பிடித்ததில் நெரிசல் இன்னும் கொஞ்சம் கூடியது.)

2

"வார்த்தினி ஓர் ஏழைப் பெண். அவள் விழிகளில்..."

வேண்டாம். படித்தால் அவளே சண்டைக்கு வருவாள். வாடகை ஆட்களில் வாய்த்துடுக்குக்காரி அவள். தினமும் ஹெர்மாவானின் காரில்தான் போவாள். அவர் காப்பீட்டு அலுவலக குமாஸ்தா, மனைவியை இழந்தவர், மேலாளரைக் கண்டால் நடுங்குகிறவர். அதனால் லீவு கேட்பதற்குக் காரிலேயே ஒத்திகை நடக்கும். வார்த்தினிதான் மேலாளர்.

"லீவா? போன மாசந்தானய்யா உங்க பெரியப்பா செத்தாரு?"

"அவரு மூத்த பெரியப்பா சார். இவரு நடுப் பெரியப்பா."

"கொஞ்சம் அழுதுகிட்டே சொல்லுங்க சார், அப்பத்தான் நம்புவாரு!" என்பாள், மேலாளர் வேடத்தைக் கலைத்துவிட்டு. ஹெர்மாவான் சிரித்துவிடுவார்.

அவருக்கு வீட்டில் பேச ஆளில்லை. அவளுக்கு அந்தச் சிரிப்பு பிடித்துப்போனது. இதை எந்த அதிகாரியும் எதிர்பார்க்கவில்லை.

3

நாளை முதல் விதி ரத்து. ஆள் தேவையில்லை.

கடைசி நாளான இன்று வார்த்தினி இரண்டு பொட்டலம் தேங்காய்ப்பால் சோறு கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். ஹெர்மாவான் கண்ணாடி முன் ஒரு வாக்கியத்தைப் பழகிவிட்டு வந்திருக்கிறார்: "நாளைக்கும் வாங்க, சும்மா." இதை அவர் சொல்லாவிட்டால் இருவரும் இனிச் சந்திக்கக் காரணமே இல்லை.

முடிவு அ: சொல்கிறார், அவள் அழுகிறாள். (சினிமா. கோடு போட்டு அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: சொல்கிறார், அவள்...

4

அதற்குள் போலீஸ்காரர் காரை மறித்துவிட்டார்.

"ரெண்டு பேருதான் இருக்கீங்க. மூணாவது ஆள் எங்க?"

தப்பு என்னுடையது. துகிமான் என்று இன்னொரு வாடகை ஆள் இருந்தான். இவர்கள் இருவருக்கும் தனிமை வேண்டுமே என்று முந்தைய பிரதியிலேயே அவனை நீக்கிவிட்டேன். இப்போது வேறு வழியில்லாமல், இதைப் படிக்கும் உங்களைப் பின்சீட்டில் உட்கார வைத்துவிட்டேன். மன்னிக்கவும்.

"இதோ உக்காந்திருக்காங்களே, கண்ணு தெரியலையா?" என்றாள் வார்த்தினி.

போலீஸ்காரர் உங்களைப் பார்த்துத் தலையாட்டினார். கார் நகர்ந்தது. ஹெர்மாவான் தொண்டையைச் செருமினார்.

"நாளைக்கு..."

பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் உங்கள் முகம் தெரிந்தது.

"நாளைக்கு மழை வரும்போல."

"வரும் சார்" என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பலமுறை திருத்தி எழுதிப் பார்த்தேன். நீங்கள் இருக்கும்வரை அவர் மழையைத் தாண்டமாட்டேன் என்கிறார். நீங்கள் இறங்கினால் அடுத்த சாலைச் சந்திப்பில் அபராதம் நிச்சயம்.

சிவப்பு விளக்கு விழுந்து கார் நிற்கிறது. கதவை நான் பூட்டவில்லை.

வார்த்தினி திரும்பி உங்களைப் பார்க்கிறாள்.

"நீங்க எங்க இறங்கணும்?"