இரும்பில் இரண்டு தட்டு

இப்போதெல்லாம் ஜனாஸாவுக்கு வருகிறவர்களுக்கு வெட்கமே இல்லை. பள்ளிவாசல் முற்றத்தில் கல்மேடை மீது சவப்பெட்டி இருக்கிறது, பச்சைத் துணி போர்த்தியபடி. அதற்குப் பத்தடி தள்ளி ஒருவன் பலகை விலை பேசுகிறான். இன்னொருவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு பல்லைக் காட்டிச் சிரிக்கிறான். ஹுர்ஷித் கிழவர் கைகளை முன்னால் கட்டிக்கொண்டு எல்லாரையும் முறைத்தார். பெட்டிக்குள் இருப்பது அவர் தம்பி நஸ்மி.

டீக்கடை செவ்கெத் பக்கத்தில் வந்து நின்றான்.

"மில்லுல ரம்பப் பிளேடு மாத்தறப்போ நெஞ்சு நின்னுடுச்சாமே. தனியாவா மாத்தினான், அண்ணே? அந்தப் பட்டையைத் தூக்க ரெண்டு கழுதை வேணுமே."

"அவனைக் கேளு."

"பிடிவாதக்காரன். உங்களை ஒரு குரல் கூப்பிட்டிருக்கலாம்."

ஹுர்ஷித் முகத்தைப் பெட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மரம் அறுக்கும் மில் கீழே ஓடைக்கரையில். அண்ணன் தம்பி வீடுகள் மேலே சரிவில். சாண் அகல ரம்பப் பட்டை, முழு வட்டமாக இரண்டு பெரிய சக்கரங்களில் ஓடுவது. கழற்றவோ மாட்டவோ இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்தாக வேண்டும். ஆள் வேண்டுமென்றால் மெஷினின் இரும்புக் கதவில் ஸ்பானரால் இரண்டு தட்டு. மற்றவர் இறங்கி வருவார். அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான்.

நேற்றுக் காலை நஸ்மி அறுத்த பலகையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினான்.

"அண்ணே, பாம்பு மாதிரி நெளியுது பாரு. பட்டை அசந்துபோச்சு. மாத்திடலாம்."

"காலையிலதான் சாணை பிடிச்சேன். பட்டையில குத்தமில்ல, உன் கையில. மரத்தை மெதுவா தள்ளு."

"பனியில உறைஞ்ச மரம்ணே. இதுக்குப் பல்லை ரொம்ப விரிக்காத பட்டை போடணும்னு நீதானே சொல்லுவே?"

சொன்னவர் அவர்தான். அந்த மலையில் எந்த மரத்துக்கு எந்தப் பட்டை என்று கேட்க எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள். காலை இருட்டில், இருவரும் மாட்டுவதற்கு அவர் எடுத்துக் கொடுத்தது வேறு பட்டை, அவ்வளவுதான். அதை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை.

"எனக்கே பாடமா? இஷ்டம் போல செஞ்சுக்கோ" என்று மேலே ஏறிப் போய்விட்டார்.

அடுப்புப் புகை போகக் கதவைத் திறந்து வைத்து, சூப் குடிக்க உட்கார்ந்தார். இரண்டு தட்டு கேட்டது. கரண்டி நின்றது. காத்திருக்கட்டும் என்று நினைத்தார். கொஞ்சம் கழித்து மறுபடி இரண்டு தட்டு. இந்தத் தடவை கரண்டி நிற்கக்கூட இல்லை. ரொட்டியால் கிண்ணத்தைத் துடைத்துத் தின்றார். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

இறங்கிப் போனபோது நஸ்மி மெஷினில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், கையுறையைக் கூடக் கழற்றாமல். பட்டை மேல் சக்கரத்திலிருந்து பாதி இறங்கித் தொங்கியது. ஆட்கள் வந்து அவனைத் தூக்கிப் போன பிறகு ஹுர்ஷித் பல் பல்லாக விரலால் தடவிப் பார்த்தார். ஒரு பல்லின் அடியில் மயிரிழை போல விரிசல். இன்னும் நாலு மரம் அறுத்திருந்தால் பட்டை அறுந்து பறந்திருக்கும். தம்பி சொன்னதுதான் சரி.

இமாம் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று கூட்டத்தைப் பார்த்தார்.

"இவரை எப்படி அறிவீர்கள்?"

"நல்லவர்."

"இவர் மீது உங்களுக்குள்ள உரிமைகளை விட்டுக்கொடுத்து ஹலால் ஆக்கினீர்களா?"

"ஆக்கினோம்."

மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் கூட்டம் சொன்னது. ஹுர்ஷித் வாயைத் திறந்தார், மூடினார். தம்பி அவருக்கு என்ன பாக்கி வைத்தான், அவர் விட்டுக்கொடுக்க? கேள்வியையே தலைகீழாகக் கேட்கிறார்கள். பெட்டியைப் பார்த்து, நீ உன் அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தாயா என்று கேட்க ஒருவனுக்கும் தோன்றவில்லை.

அடக்கம் முடிந்து வந்தபோது, நஸ்மியின் மனைவி கெவ்செர் சமையலறையில் துக்க அல்வாவுக்கு மாவு வறுத்துக்கொண்டிருந்தாள். மற்ற பெண்கள் உள்ளறையில் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஹுர்ஷித் வாசலிலேயே நின்றார்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். நேத்து அவன் தட்டினான். எனக்குக் கேட்டுது. நான் போகல."

அவள் கை நிற்கவில்லை. நின்றால் மாவு கருகிவிடும்.

"எனக்கும் கேட்டுதுண்ணே."

"என்னது?"

"எனக்கும் கேட்டுது. இங்கதான் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு நின்னேன். நீங்க போயிருப்பீங்கன்னு நெனச்சேன். ஒரு எட்டு போய்ப் பாத்திருக்கலாம். பாக்கல."

"நீ என்ன பட்டை தூக்கற ஆளா?"

"நீங்க மட்டும் பயில்வானா? படி இறங்கவே அரை மணி நேரம்." மூக்கை முழங்கையால் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு பேருக்கும் கேட்டுது, ரெண்டு பேரும் போகல. அவ்வளவுதான். என் பங்கை நான் உங்களுக்கு ஹலால் ஆக்கிட்டேன். நீங்களும் எனக்கு ஆக்கிடுங்க."

"அவன் பங்கு?"

அவள் சர்க்கரைப் பாகை மாவில் ஊற்றினாள். அது சீறியது. ஆவி அடங்கும் வரை முகம் தெரியவில்லை. பிறகு ஒரு தட்டில் அல்வாவை அள்ளி வைத்து நீட்டினாள்.

"சூடு. பாத்துச் சாப்பிடுங்க."

வாங்கிக்கொண்டார். பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்கு மேலே ஜன்னல். இரட்டைக் கண்ணாடி, இடுக்கில் துணி திணித்து, குளிருக்கு வெளியே பிளாஸ்டிக் தாள் வைத்து ஆணியடித்திருந்தது. அதன் வழியே மங்கலாகத் தெரு தெரிந்தது. ஜனாஸாவுக்கு வந்தவர்கள் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். செவ்கெத் கையை ஆட்டி யாரையோ கத்திக் கூப்பிட்டான். டிரைவர் கதவை ஓங்கி அடித்துச் சாத்தினான். வெளிச்சத்தம் ஒன்றும் உள்ளே வரவில்லை; சமையலறையில் கரண்டி சுரண்டுவதுதான் கேட்டது.

ஹுர்ஷித் ஜன்னலைப் பார்த்தார். கெவ்செரைப் பார்த்தார். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

நல்லவள். நல்லவர்கள் சொல்வதை அவர் எப்போதுமே நம்பியதில்லை.

"எங்க போறீங்க, உக்காந்து சாப்பிடுங்கண்ணே" என்று உள்ளிருந்து கெவ்செரின் குரல் வந்தது. பூட்ஸை மாட்டிக்கொண்டு பனியில் இறங்கினார். கீழ்ப்பாதை மில்லுக்குப் போகிறது, மேல்பாதை தம்பியை அடக்கம் செய்த இடத்துக்கு. மேல்பாதையில் ஏறினார், கையில் அல்வா ஆவி விட்டபடியே.