வேழவனை எழுதியது யார்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்குப் பெரியவர் பராங்குசம். அவர் மனைவி ஜெயலக்ஷ்மி. போன வருஷம் காலமான தம்பி அச்யுதனின் மனைவி பத்மஜா. அவள் பிள்ளை பத்ரிநாத். தூத்துக்குடியில் பதிப்பகம் நடத்தும் செந்தில்வேல். வேறு யாரும் இல்லை.

செந்தில்வேல் வந்தது நல்ல காரியமாகத்தான். முன்பு வாரப் பத்திரிகையில் அச்யுதன் பெயரில் வந்த துப்பறியும் கதைகளை ஒரே புத்தகமாகப் போட வேண்டும் என்றார். பாண்டியர் காலத்துக் கொற்கையில், முத்துக் குளிக்கும் துறையில் விழும் கொலைகளைக் கண்டுபிடிக்கும் ஒற்றன் வேழவனை இந்தப் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. துறைமுக ஆபீஸ் குமாஸ்தாவான அச்யுதனுக்கு ஊர் மாலை போட்டது அவனால்தான்.

"மத்த துப்பறியறவன்லாம் ரத்தத்தப் பாப்பான், ஐயா. நம்ம வேழவன் அடுக்களைக்குள்ள போவான். அடுப்புச் சாம்பலத் தொட்டுப் பாத்தே செத்தவன் எப்பம் சாப்பிட்டான்னு சொல்லுதாம்லா! உங்க தம்பிக்கு இதெல்லாம் எப்படித் தெரிஞ்சுது?"

"அவருக்கு அடுக்களையில தண்ணிச் சொம்பு எங்க இருக்குன்னே தெரியாது," என்றாள் பத்மஜா. "நான்தான் எழுதினேன். என் பேரைப் போடுங்கோ."

"நன்னாருக்குடி," என்றாள் ஜெயலக்ஷ்மி. "அச்யுதன் திரும்பி வந்து இல்லேன்னு சொல்லமாட்டான்னு தைரியமா?"

பராங்குசம் கோபப்படவில்லை. அவள் சொல்வது உண்மை என்று அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிட்டது. தம்பி லீவ் லெட்டரைக்கூட அவரிடம் வந்து எழுதி வாங்கிப் போனவன். ஆனால் பெண்டாட்டி எழுதியதற்கு மாலை வாங்கிக்கொண்டவன் என்று ஊர் சிரித்தால், அந்தச் சிரிப்பு தம்பியோடு நிற்காது. வேழவன் கதைகளில் ஒன்று விடாமல் அவர் படித்திருந்தார். வேழவன் யாரையும் குற்றம் சாட்டமாட்டான். அன்பாக வேலையைப் பற்றி விசாரிப்பான். மாட்டுகிறவன் தானே வந்து மாட்டுவான்.

"இருக்கட்டும் பத்மஜா. அப்போ இது நிறையப் பேர் இருந்த அகம். உனக்கு எழுத எப்போதான் ஒழிஞ்சுது?"

அவளை அந்த வீட்டில் யாரும் அப்படி விசாரித்ததில்லை. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"மடியா இருக்கறச்சேதான். அப்பத்தான் குழந்தைகூடக் கிட்ட வராது. ஒருத்தரும் தொடமாட்டா. அடுப்புல வேகறது வேகட்டும்னு, அரிசி ட்ரம் மேல பேப்பரை வெச்சுண்டு..."

ஜெயலக்ஷ்மி வாயில் கை வைத்துக்கொண்டாள். குளித்து மடிப்புடவை கட்டியவள் சமையல் முடியும்வரை வேறெதையும் தொடக்கூடாது. தொட்டால் மறுபடி குளிக்க வேண்டும்.

"பேனாவைத் தொட்டுட்டுத் திரும்பக் குளிச்சியா?" என்று கேட்டார் பராங்குசம்.

பத்மஜா புடவைத் தலைப்பை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள்.

"எங்கப்பாவோட ஸ்ராத்தத்தன்னிக்கும் எழுதினியா?"

அவள் மெல்லத் தலையாட்டினாள்.

"அப்போ அப்பாவுக்கு நான் வெச்ச பிண்டமெல்லாம் மடியில்லாத சோறு. கொலைக்கதை எழுதின கையால வடிச்சது." பராங்குசத்தின் குரல் உயரவே இல்லை. "சரி, உன் பேரையே போடட்டும். முன்னுரை நான் எழுதறேன், எப்போ, எங்கே உட்கார்ந்து எழுதினேன்னு விவரமா. பத்ரி, அடுத்த மாசம் உங்கப்பாவோட முதல் திதி, வருஷாப்தீகம்; இவ சமைச்சா ஸ்ராத்தச் சாப்பாட்டுக்கு வர எந்த ஸ்வாமி இலையில உட்கார்றார்னு பார்த்துடலாம்."

"ஐயா, இந்தக் காலத்துல போயி இதெல்லாம்..." என்று இழுத்தார் செந்தில்வேல்.

"நீங்க புஸ்தகம் போட வந்தேளா, எங்காத்து அடுக்களையைப் பார்க்க வந்தேளா?"

பத்ரிநாத் தலை நிமிராமல் சொன்னான்: "அப்பாதான் எழுதினார்னு சொல்லிடேம்மா. யாருக்கு என்ன போச்சு?"

பத்மஜா பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அவர்தான் எழுதினார்," என்றாள்.

"சத்தமாச் சொல்லு. புஸ்தகம் போடறவர் காதுல விழல," என்றார் பராங்குசம்.

இன்னொரு தடவை சொன்னாள்.

"போ. குளிச்சுட்டு வந்து எல்லாருக்கும் காபி போடு."

புத்தகம் அச்யுதன் பெயரில், பராங்குசத்தின் முன்னுரையோடு வந்தது. வெளியீட்டு விழாவில் பத்மஜா முன் வரிசையில் உட்கார்ந்து, கணவருக்காகப் பொன்னாடை வாங்கிக்கொண்டாள்.

கூடத்தில் பேசிய அன்று பராங்குசம் தம்பி மனைவியைக் கை நீட்டி அடித்தார் என்று உறவுக்குள் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. அவர் அடிக்கவில்லை, உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை.