அடிநூல் அறுந்த ஜோடிகள்

குறடு என்று நாங்கள் கூப்பிடும் மனிதர் காலை பத்து மணிக்கே தன் இடத்தை விட்டு எழுந்து வந்தால் விஷயம் நல்லதாக இருக்காது. தைத்து முடித்த ஷூவின் மேல்பாகத்தை அச்சுக்கட்டையில் மாட்டி, குறடால் இழுத்து, அடியில் ஒட்டுகிற வேலை அவருக்கு. அன்றைக்கு அவர் கையில் ஒரு கறுப்பு ஷூ இருந்தது. கால் நுழையும் வாயின் ஓரத்தில் தோலும் உள்துணியும் பிரிந்து, ஒரு விரல் நுழையும் அளவுக்கு விலகியிருந்தன.

“பாருங்க சார், கொட்டாவி விடுது” என்று சூப்பர்வைசரிடம் நீட்டினார். “இது ஒண்ணு மட்டும் இல்ல. காலையிலேர்ந்து பதினொண்ணு. இன்னும் கொஞ்சம் இழுத்தா பேசவே ஆரம்பிச்சிடும்.”

“பேசினா நல்லதுதான். யார் தைச்சதுன்னு அதுவே சொல்லிடும்.”

யாரோ சிரித்தார்கள். நான் கையில் இருந்த வேலையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று யாராவது கேட்டுவிடுவார்கள் போலிருந்தது.

என் மெஷினுக்கு எலி என்று பெயர். ஷூவின் வாயைச் சுற்றித் தோலையும் உள்துணியையும் சேர்த்துத் தைக்கும்போது உள்துணியை ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் விட்டுத்தான் தைப்பார்கள். அந்த மிச்சத்தைத் தோலின் ஓரத்தோடு ஒட்ட நறுக்கி எடுப்பது என் வேலை. நகத்தளவு கத்தி ஒன்று மேலும் கீழும் ஓடும். அதன் பக்கத்தில் ஒரு வழிகாட்டி. அதில் ஓரத்தைப் பதித்து, வளைவுக்கு ஏற்ப மணிக்கட்டைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். துணி நாடாவைப் போல உரிந்து விழும். மணிக்கட்டு கொஞ்சம் சாய்ந்தால் கத்தி உள்ளே ஏறி, துணிப்பக்கம் ஓடும் அடிநூலை அறுத்துவிடும். அப்படி அறுந்தது பார்த்தால் தெரியாது. வெளியே மேல்நூல் வரிசையாக அழகாக நிற்கும். அச்சில் ஏற்றி இழுக்கும்போதுதான் வாய் பிளக்கும். அதைப் பார்க்கிறவர்களுக்குத் தைத்தவர் மேல்நூலும் அடிநூலும் பின்னிக்கொள்ளும்படி சரியாகப் பூட்டவில்லை என்றுதான் தோன்றும்.

எனக்கு வலது கண்ணில் இரண்டு வருஷமாகப் புகை. இடது கண்ணும் மங்கி அதற்குத் துணை போக ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை ஆலையில் கண் பார்ப்பார்கள். போன தடவை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் வாசித்ததை அப்படியே மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டு வந்தேன். மற்றபடி காதால்தான் வேலை செய்தேன். துணி அறுபடும்போது எலி சர்ர் என்று ஒரே சீராகப் போகும். நூலில் உரசினால் டிக் என்று ஒரு சின்னச் சத்தம். அந்த டிக் வரும் முன்பே, அது வரப்போகிறது என்பது போல ஒரு கரகரப்பு கேட்கும். அந்த இடத்தில் மணிக்கட்டைத் திருப்பிக்கொள்வேன். இப்படியே எட்டு மாதம் ஓட்டியிருக்கிறேன். ஒரு ஜோடிகூடத் திரும்பி வந்ததில்லை.

திங்கட்கிழமை என் காலடியில் இருந்த கூடையை எடுத்துவிட்டு, தூசி உறிஞ்சும் மோட்டார் ஒன்றை மாட்டினார்கள். நறுக்கி விழும் துணியை ஒரு குழாய் உள்ளிழுத்துப் பின்னால் கட்டியிருக்கும் மூட்டைக்குள் தள்ளும். உடம்புக்கு நல்லது என்றார்கள். நல்லதுதான். ஆனால் அது என் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று நாள் முழுக்க ஓலமிட்டது. எலியின் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.

குறடு ஷூவோடு வந்து நின்றது வியாழக்கிழமை.

“இந்தப் பக்கம் வர்றது ரெண்டே பேர் தையல்” என்றார் சூப்பர்வைசர். அவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. குரலை உயர்த்த மாட்டார். அதனாலேயே எல்லோருக்கும் பயம். “பதினேழா, இருபத்தொண்ணா?”

இருபத்தொன்றாம் எண், நாங்கள் குட்டை ஜடை என்று கூப்பிடும் பெண். பதினேழு, என் தம்பி மனைவி.

“என் தையல் விடாது சார்” என்றாள் குட்டை ஜடை உடனே.

தம்பி மனைவி ஷூவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஒரு தடவை என் பக்கம் பார்த்தாள். அவள் முகம் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

தைக்கிறவர்கள் தங்கள் எண்ணை வெள்ளிப் பேனாவால் உள்துணியின் அந்த மிச்ச ஓரத்தில்தான் எழுதுவார்கள். ஷூவுக்குள் கறை தெரியக்கூடாது என்று அப்படி ஒரு வழக்கம். என்னிடம் வந்ததும் எண்ணும் சேர்ந்து போய்விடும். அதற்குப் பிறகு எது யாருடையது என்று கடவுளுக்கும் தெரியாது.

“எண்ணெல்லாம் எலி வயித்துக்குள்ள இருக்கு. சாப்பாட்டுக்கு அப்புறம் மூட்டையைப் பிரிச்சுப் பார்த்துடலாம்” என்றார் சூப்பர்வைசர். “நூல் பூட்டாத தையல்னா அந்தத் துணி ஓரத்துலயும் தெரியும். யாரோட எண்ணோ, அவங்க திங்கள்லேர்ந்து… வேண்டாம், நாளையிலேர்ந்தே பசை மேசை.”

பசை மேசை என் மெஷினை அடுத்த தூணுக்கு அந்தப் பக்கம், நெடி பிடித்த பசையைத் தடவும் இடம். தம்பி மனைவி மூன்று வருஷம் அங்கே இருந்தவள். அங்கேதான் அவளுக்கு இழுப்பு வந்தது. எங்கள் வீட்டில் அவர்கள் அறைக்கும் என் கட்டிலுக்கும் நடுவே இருப்பது ஒரு பலகைச் சுவர். அந்த மூன்று வருஷமும் அவள் மூச்சு அந்தப் பலகையைக் கடந்து வந்துகொண்டிருந்தது. தையலுக்கு மாறிய பிறகுதான் நின்றது.

சாப்பாட்டு அறையில் இருவரும் எப்போதும் போலப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவள் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள்.

“போன வாரம் ஊசி மொட்டையா இருந்துச்சு அண்ணி. மாத்தணும் மாத்தணும்னு இருந்தேன். ரெண்டு நாள் அப்படியே ஓட்டிட்டேன். அதனாலதான் பூட்டலையோ?”

“மொட்டை ஊசின்னா தையல் தாவும். இப்படிப் பிரியாது” என்றேன்.

“அப்ப ஏன் பிரியுது?”

நான் டப்பாவை மூடினேன். பதில் சொல்ல எனக்கு அப்போது நேரம் இருந்தது. அறையில் இருபது பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். கணவர் போன பிறகு ஒன்பது வருஷமாகத் தம்பி வீட்டில் இருக்கிறேன். தினமும் காலையில் அவளோடு கிளம்பி, மாலையில் அவளோடு திரும்புகிறவள் என்பதால்தான் அந்த வீட்டில் எனக்கு ஒரு கட்டில் இருக்கிறது. அப்படி யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே தெரிகிற விஷயம் அது.

“கை கழுவிட்டு வர்றேன்” என்று எழுந்தேன்.

மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. மூட்டையின் கயிற்றை அவிழ்த்து உள்ளே கையை விட்டேன். பஞ்சு போல வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு நாடாவை எடுத்து விரல் நுனியால் தடவிக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் மயிர் முளைத்தது போல நூல் துண்டுகள் தட்டுப்பட்டன. ஒரே அளவில், கத்தியால் அறுபட்ட துண்டுகள். இன்னொன்றை எடுத்தேன். அதிலும் இருந்தன. இதைப் பார்த்தால் சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும், தைத்தவள் தப்பு இல்லை என்று.

கழிவு வண்டிக்காரர் கதவோரம் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, இந்த மூட்டையை எடுத்துக்குங்க.”

“பாதிகூட நிறையலையேம்மா?”

“நிறைஞ்சா இழுக்க மாட்டேங்குது.”

“உன் எலிக்கு அஜீரணமா? சரி குடு” என்று தோளில் போட்டுக்கொண்டு போனார்.

திரும்பியபோது என் இடது கையில் ஒரு நாடா மிச்சம் இருந்தது. அதை ஏன் போடாமல் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டேன்.

சூப்பர்வைசர் வந்து காலியான குழாயைப் பார்த்தார். “மூட்டை எங்கேக்கா?”

“வண்டியில போயிடுச்சு.”

“பார்க்கலாம்னு சொன்னேனே.”

“மறந்துட்டேன்.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது தம்பி மனைவி தன் மெஷினை விட்டு எழுந்தாள்.

“தேட வேண்டாம் சார். என் ஊசி மொட்டையா இருந்துச்சு. மாத்தாம விட்டுட்டேன். என்னோடதாத்தான் இருக்கும்.”

குட்டை ஜடை பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. ஒரு பழுதை யாராவது ஏற்றுக்கொண்டுவிட்டால் ஆலையில் எல்லோருக்கும் நிம்மதி. குறடு மட்டும் ஷூவைக் கையில் தட்டியபடி, “ஊசி மொட்டைன்னா இப்படியா…” என்று தொடங்கிவிட்டு, நமக்கென்ன என்பது போலப் போய்விட்டார்.

அன்று மாலை பேருந்தில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வீட்டில் தம்பி, “என்ன ரெண்டு பேரும் மௌன விரதமா?” என்று கேட்டான். “தலைவலி” என்றாள் அவள். நானும் தலைவலி என்றேன். “ஒரே தலையா உங்களுக்கு?” என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் அவள் பசை மேசைக்குப் போனாள். நான் எலியின் முன்னால் உட்கார்ந்ததும் முதல் காரியமாகத் தூசி மோட்டாரை அணைத்தேன். யாராவது கேட்டால் அடைப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். இனி ஒரு ஜோடிகூடத் திரும்பி வரக்கூடாது. அது ஒன்றுதான் அப்போது என் மனதில் இருந்தது.

சர்ர் என்று எலி ஓடியது. நான்கு நாளைக்குப் பிறகு கேட்ட சத்தம். வளைவில் கரகரப்பு வந்தது, திருப்பிக்கொண்டேன். குதிகால் பக்கம் மறுபடி வந்தது, திருப்பிக்கொண்டேன். பத்து ஜோடி, இருபது ஜோடி. துணித் தூசி மூக்கில் ஏறியது. துணி நாடாக்கள் பாதத்தின் மேல் விழுந்து குவிந்தன. கை தன் பழைய நடையைக் கண்டுபிடித்துவிட்டது. கொஞ்ச நேரம் சந்தோஷமாகக்கூட இருந்தேன் என்று சொல்ல வேண்டும்.

பிறகு தூணுக்கு அந்தப் பக்கமிருந்து அது வந்தது. முதலில் இருமல். அப்புறம் இருமலுக்கு நடுவே மூச்சை உள்ளே இழுக்கும்போது எழும் விசில். எனக்குத் தெரிந்த விசில்தான். பலகை வழியாக மூன்று வருஷம் கேட்டது. ஆனால் வீட்டில் அதைக் கேட்கும்போது நான் படுத்துக்கொண்டு கேட்பவள் மட்டுமாக இருந்தேன்.

கத்தி ஓடிக்கொண்டிருந்தது. சர்ர். விசில். சர்ர். விசில். எது எலி, எது அவள் என்று காது பிரிக்கப் பார்த்தது. மோட்டாரைப் போட்டால் இரண்டுமே போய்விடும். சுவிட்சின் மேல் கை வைத்தேன். போடவில்லை. அது ஓடினால் நூல் கேட்காது. நூல் கேட்க வேண்டுமென்றால் இதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

டிக்.

மேல்பாகத்தைத் திருப்பிக் கண்ணருகே கொண்டுவந்தேன். தெரியவில்லை. விரலால் தடவினேன். ஒரு அங்குல நீளத்துக்கு அடிநூல் அறுந்து நின்றது. ஓரத்தை வேறு யார் தைத்திருந்தாலும் இது இப்படித்தான் அறுந்திருக்கும்.

எலியை நிறுத்தினேன். காலையில் மறுபடி இடுப்பில் செருகி வந்திருந்த நாடாவையும் அந்த மேல்பாகத்தையும் எடுத்துக்கொண்டு சூப்பர்வைசர் மேசைக்குப் போனேன். தூணைத் தாண்டும்போது அவள் பக்கம் திரும்பவில்லை.

அவர் நாடாவை விரித்துப் பார்த்தார். “பதினேழு” என்று வாசித்தார். பிறகு நூல் துண்டுகளைப் பார்த்தார். எழுந்து வந்து என் இடது கண்ணைத் தன் கையிலிருந்த அட்டையால் மறைத்தார்.

“எதிர் சுவத்துல என்ன எழுதியிருக்குக்கா?”

வெள்ளையாக ஒரு சதுரம் மட்டும் தெரிந்தது. பதினான்கு வருஷமாக அந்த இடத்தில் இருப்பதைச் சொன்னேன். “புகை பிடிக்காதீர்.”

“அதை எடுத்து ஒரு மாசம் ஆச்சு. தீயணைப்பு நம்பர் ஒட்டியிருக்கோம்.”

அட்டையைக் கீழே வைத்தார். “நேத்தே சொல்லியிருக்கலாமே” என்றார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்குள் தம்பி மனைவி தையலுக்குத் திரும்பிவிட்டாள். எலியில் குட்டை ஜடையை உட்கார வைத்தார்கள். “கடிச்சுடாதே, என்ன?” என்று அதன் தலையில் தட்டிவிட்டு அவள் மோட்டாரைப் போட்டாள். அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும். சத்தம் ஒன்றும் செய்யாது. பசை மேசையில் ஒரு இடம் காலியாக இருந்ததால் என்னை அங்கே அனுப்பினார்கள். கண் அதிகம் வேண்டாத வேலை. “கண் டாக்டர் எழுதிக் குடுத்தா அப்புறம் பார்க்கலாம்” என்றார்கள். எதைப் பார்க்கலாம் என்று சொல்லவில்லை.

பேருந்தில் அன்று இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே வந்தோம். பாதி வழியில் அவள் பேசினாள்.

“மூட்டையைத் தூக்கிக் குடுத்தப்போ நான் வாசல்லதான் நின்னேன்.”

கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“பார்த்துட்டுமா ஊசின்னு சொன்னே?”

“பார்த்துட்டுதான் சொன்னேன்.”

வண்டி ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது. நன்றி சொல்ல வேண்டும் என்று வாய் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“தப்பா நினைக்காதீங்க அண்ணி. நல்ல மனசுல சொல்லல. உங்க கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா வேலையை விட்டு நிறுத்திடுவாங்க. நாள் முழுக்க வீட்டுல இருப்பீங்க. அதுக்குப் பசையே தேவலாம்னு தோணுச்சு.”

அவள் குரலில் கோபம் இல்லை. தைத்துக்கொண்டே பேசுவாளே, அந்தக் குரல். சொல்லி முடித்ததும் இரும ஆரம்பித்தாள். அரை நாள் பசையே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. நான் அவள் முதுகைத் தடவலாமா என்று யோசித்து, யோசித்து முடிப்பதற்குள் எங்கள் நிறுத்தம் வந்துவிட்டது.

இறங்கும் படியில் அவள் முதலில் இறங்கினாள். தெரு விளக்கு இன்னும் போடவில்லை. எனக்குப் படி தெரியாது என்பதை இரண்டு வருஷமாக அவளிடமிருந்து மறைத்து வந்திருக்கிறேன், காலால் துழாவி, கம்பியைப் பிடித்து. அவள் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.

“மூணு படி” என்றாள்.