திருப்பி வைத்த தட்டு

ஹாங்காங்கின் மாங்காக்கில், தாம் என்ற முதலாளியின் கடிகாரக் கடையில் ‘போலி’ என்ற சொல்லுக்குத் தடை. வாடிக்கையாளர் நீட்டுவது எவ்வளவு அப்பட்டமான போலியாக இருந்தாலும் சரி, அதை இரண்டு கையாலும் பிடித்து, லேசாகத் தலை குனிந்து, “இந்த மாடல் நாங்க எடுக்கிறதில்லீங்க” என்று திருப்பித் தந்துவிட வேண்டும். அக்கம்பக்கத்துக் கடைகளிலும் இதே கதைதான். உண்மையைச் சொன்னால் சண்டை வரும், கூட்டம் கூடும், நாலு பேர் முன்னால் ஒரு மனிதரின் முகம் செத்துப்போகும். நமக்கேன் வம்பு?

பதினெட்டு வருஷமாக அங்கே கடிகாரம் பார்த்துச் சொல்கிற யுக்லானும் அந்தச் சொல்லை வாயில் எடுத்ததில்லை, வேறு விதமாகக்கூட உணர்த்தியதில்லை. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கூ வந்து எதிரில் உட்காரும்வரை.

கூ சிவப்பு மினிபஸ் ஓட்டுகிறவர். அறுபது வயது, காலரில் வியர்வை, கையில் ஒரு சுவிஸ் கடிகாரப் பெட்டி.

“தங்கச்சி, இது அஞ்சாவது கடை. நாலு கடையிலயும் சாமிக்கு ஊதுவத்தி காட்டற மாதிரி ரெண்டு கையால திருப்பித் தர்றாங்க. நான் விக்க வரலம்மா. அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டுச் சீர் வருது. பதிலுக்கு நாங்க அனுப்புற பெட்டியில மாப்பிள்ளைக்கு பர்ஸு, பெல்ட்டு, கூட இந்த வாட்ச்சு. ஊர் முன்னாடி தர்றதுக்கு முன்ன யாராச்சும் ஒருத்தர் பாத்துச் சொல்லுங்கன்னா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டேங்கிறான்.”

கையில் வாங்கியதுமே யுக்லானுக்குத் தெரிந்துவிட்டது. நல்ல போலிதான், சாமர்த்தியமான வேலை. ஆனால் போலி.

“யாருகிட்ட வாங்குனீங்கண்ணே?”

“டீக்கடைச் சிநேகிதன். இருபத்தெட்டாயிரம் டாலர். மூணு வருஷ ஓவர்டைம்.”

அவள் கைகள் பழக்கத்தில் தாமாகவே திருப்பித் தரத் தயாராகிவிட்டன. வழக்கமான அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் தொல்லை முடிந்தது. ஆனால் இந்த மனிதர் ஆறாவது கடைக்குப் போவார், பிறகு ஏழாவது. எல்லாரும் மரியாதையாக வாயை மூடிக்கொள்ள, கடைசியில் கல்யாண வீட்டில் ஏதோ ஒரு அதிகப்பிரசங்கிச் சித்தப்பா சிரித்துக்கொண்டே விஷயத்தை உடைப்பான். யுக்லான் பின்பக்கம் பார்த்தாள். முதலாளி நூடுல்ஸில் மூழ்கியிருந்தார்.

“ஒரு நிமிஷம் இருங்கண்ணே” என்று எழுந்தாள்.

அதே மாடலில் கடையின் சொந்தச் சரக்கு காலையில்தான் விற்றுப்போயிருந்தது. அலமாரியில் இருந்தது ஸீட்டோ டீச்சருடையது. டீச்சரின் இறந்துபோன கணவர் கட்டியிருந்தது. சுத்தம் செய்து, ஓட்டம் சரிபார்த்து, மறுநாள் பன்னிரண்டு மணிக்கு டீச்சர் வாங்கிக்கொள்ள வேண்டியது. வாடிக்கையாளர் பொருளை வெளியே எடுத்துக் காட்டுவது பெரிய தப்பு. யுக்லான் எடுத்தாள்.

பச்சை வெல்வெட் தட்டில் அசல் எப்போதும் அவளுக்கு வலப்பக்கம், வந்தது இடப்பக்கம். தூக்கத்தில் கேட்டாலும் கை அப்படித்தான் வைக்கும். வைத்தாள். கூ கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கழுத்தைக் கொக்கு மாதிரி நீட்டுவதைப் பார்க்க அவளுக்கே வலித்தது. தட்டை அப்படியே அவர் பக்கமாகத் திருப்பி, கையில் பூதக்கண்ணாடியையும் கொடுத்தாள்.

தேதிக்கு மேலே இருக்கும் குட்டி லென்ஸைக் காட்டினாள். ஒன்றில் எண் பெரிதாக, மற்றதில் சவலையாக. எழுத்தின் ஓரங்களைக் காட்டினாள். விநாடி முள் ஒன்றில் வழுக்கிக்கொண்டு போனது, மற்றதில் கொஞ்சம் திக்கியது. உள்வளையத்து எழுத்து, திருகின் பல், எடை என்று எல்லாவற்றையும் சொன்னாள். ‘போலி’ என்ற சொல்லை மட்டும் அவள் சொல்லவில்லை. கூ தாமே சொன்னார்.

“அப்ப என்னோடது போலி.”

“ஆமாண்ணே. மன்னிச்சிடுங்க.”

அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அன்னாசி பன்னுல அன்னாசியே இல்ல, அத யாராச்சும் போலின்னு சொல்றோமா?” என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து முதலாளி இருமினார். யுக்லான் பதறிப்போய் இடப்பக்கத்துக் கடிகாரத்தைப் பெட்டியில் வைத்து கூவின் கையில் கொடுத்தாள், வலப்பக்கத்தை அலமாரிக்குக் கொண்டுபோனாள். இத்தனை வித்தியாசம் சொன்ன வாய்க்கும் அந்தக் கைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

கடை மூடும் நேரத்தில் டீச்சரின் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கத் திருகைத் தொட்டாள். மணல் அரைக்கிற மாதிரி இருந்தது. கையில் இருந்தது கூவின் போலி.

மறைக்கவில்லை, முதலாளியிடம் நேரே போய்ச் சொன்னாள். அவர் கேமராப் பதிவை ஓட்டிப் பார்த்தார். தட்டு திரும்பி வலம் இடமாகிற இடத்தில் நிறுத்தினார். மறுபடி ஓட்டினார், மறுபடி நிறுத்தினார். அவர் கத்தியிருந்தால் தேவலை.

“பேரு?”

“கூ.”

“இந்த ஊர்ல கூ எத்தன பேரு, மினிபஸ் எத்தன? கையில அசல் கெடச்சவன் திரும்பி வருவானா? டீச்சருக்கு வேற வாட்ச் வாங்கித் தந்துடலாம் யுக்லான். அவங்க புருஷன் கட்டுனத எங்க போய் வாங்குறது? நாளைக்கு அவங்க வரட்டும், நீயே சொல்லு. சொல்லிட்டு அப்படியே வீட்டுக்குப் போயிடு. மறுநாள் வர வேணாம்.”

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அநியாயமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மினிபஸ் நிற்கிற தெருக்கள் நாலையும் நடந்து தீர்த்தாள். கூ என்று பேருள்ள இரண்டு பேர் கிடைத்தார்கள்; ஒருவருக்கு முப்பது வயது, இன்னொருவருக்குக் காது கேட்காது. பத்தரை மணிக்குக் கடைக்கு வந்தால், இறக்கிய ஷட்டருக்கு முன்னால் முதலாளி நிற்கிறார். பக்கத்தில் சூடான பன் பொட்டலத்துடன் கூ.

“வா தங்கச்சி, உன்னத்தான் பாக்கணும்னு நிக்கிறேன்” என்று பெட்டியை நீட்டினார். “இது என்னோடது இல்ல.”

யுக்லான் திறந்து திருகைத் தொட்டாள். வெண்ணெய் மாதிரி சுழன்றது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?”

“என் வாட்ச்சு ராத்திரி தூங்கி எழுந்தா நாலு நிமிஷம் பின்னாடி கெடக்கும். நானும் சோம்பேறி, அதுவும் சோம்பேறின்னு விட்டுட்டேன். இன்னிக்கு விடியகாலம் ரேடியோவுல மணி அடிக்குது, முள்ளு டாண்ணு அதே இடத்துல நிக்குது.”

முதலாளி குறுக்கே வந்தார். “அப்ப ஒங்களுக்கு ஆச வரலியா?”

“எனக்கு வர்றதுக்கு முன்ன என் பொண்டாட்டிக்கு வந்திடுச்சு. ‘பாத்தீங்களா, நம்ம வாட்ச்சு அசலுதான், அந்தப் பொம்பள தப்பா பாத்திருக்கா’ன்னு குதிக்கிறா. நான் சொன்னேன், ‘அடியே, நாலு கடைக்காரன் வாயத் தொறக்கல. அவ ஒருத்திதான் தன் பொழப்பக் கெடுத்துக்கிட்டு உண்மையச் சொன்னா. அவ தப்பா பாத்திருக்க மாட்டா, தப்பா குடுத்திருப்பா’ன்னு.”

யுக்லான் தெரு என்றும் பார்க்காமல் அழுதாள். பதினெட்டு வருஷத்தில் அவள் கண்ணை இப்படி நம்பியவர் யாருமில்லை. நேற்று மாலை அவளுக்கே அந்த நம்பிக்கை போயிருந்தது.

“அழுதா பன்னு ஆறிடும்” என்றார் கூ. “மாப்பிள்ளைகிட்டயும் சொல்லிட்டேன். ‘மாமா, நான் ஃபோன்லதான் மணி பாக்குறேன்’னுட்டான். நீ சொல்லலன்னா அன்னிக்கு எல்லாரு முன்னாடியும் தலைகுனிஞ்சிருப்பேன். நான்தான் ஒனக்கு நன்றி சொல்லணும்.”

முதலாளி தொண்டையைச் செருமினார். மன்னிப்பு, பாராட்டு எதுவும் அந்த வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. “மணி பதினொண்ணாகுது, ஷட்டரத் தூக்கு” என்றார் அவளிடம். “டீச்சர் வர்றதுக்குள்ள பாலிஷ் போட்டு வை. நடந்தத அவங்ககிட்டயும் ஒளிக்காத.” பிறகு கூவைப் பார்த்து, “உள்ள வாங்க. ஜப்பான் வாட்ச்சு ஒண்ணு இருக்கு. வெல கம்மி, அதனால அதுக்கு எவனும் போலி பண்ண மாட்டான். எனக்கு விழுந்த வெலைக்கே தர்றேன்” என்றார்.

அவர்கள் ஊரில் நன்றிக்கு இரண்டு சொல் உண்டு. கதவு திறந்துவிட்டால், மீதிச் சில்லறை தந்தால் சொல்வது சின்னது. யுக்லான் அதை ஒரு நாளைக்கு இருநூறு முறை சொல்பவள். மற்றது பெரியது, பரிசு தந்தவருக்கு மட்டும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூவின் முன்னால் இடுப்பு வளையக் குனிந்து பெரியதைச் சொன்னாள்.

கூ கூச்சத்தில் பின்வாங்கினார். “அட, ஒங்க பொருளத்தான கொண்டாந்தேன்? இதுக்குச் சின்னது போதும் தங்கச்சி.”

“வாட்ச்சுக்குச் சின்னதே போதும்ண்ணே. நீங்க என்ன நம்புனீங்களே, அத எனக்கு யாரும் தந்ததில்ல” என்றாள் யுக்லான்.