ஆறு மணி ஹாரன்

1987 ஜூன் பத்தாம் தேதி மாலை ஆறு மணிக்கு, தென் கொரியாவின் மாசான் நகரில், யாரும் தொடாத ஒரு டாக்ஸியின் ஹாரன் தானாக அலறியது. தினமும் அந்த நேரத்துக்கு ஒலிபெருக்கியில் கொடியிறக்கும் பாட்டு வரும். நடந்துபோகிறவர்கள்கூட நெஞ்சில் கைவைத்து அசையாமல் நிற்க வேண்டும். அதிபரை நாங்களே தேர்ந்தெடுக்கிறோம், அரசியல் சட்டத்தைத் திருத்து என்று தெருவில் இறங்கியிருந்தவர்கள், அன்று சரியாகப் பாட்டு நேரத்தில் ஹாரன் அடிக்கும்படி வண்டியோட்டிகளைக் கேட்டிருந்தார்கள். அந்த டாக்ஸியை ஓட்டும் தோ கி-வான் பயந்த சுபாவம். கை தவறிப் பட்டுவிடப்போகிறதே என்று வண்டியைவிட்டே இறங்கி, நெஞ்சில் கைவைத்து நின்றுகொண்டார். வண்டி அவருக்காகக் காத்திருக்கவில்லை.

போலீசார் வண்டியை இழுத்துப் போனார்கள். பேட்டரியைக் கழற்றியும் அடங்காததால், ஹாரனையே பிடுங்கி மேசை இழுப்பறையில் பூட்டினார்கள். மறுநாள் ஆறு மணிக்கு இழுப்பறை அலறியது. முற்றத்தில் விறைத்து நின்ற காவலர்களுக்குப் பாட்டே காதில் விழவில்லை.

மனைவி ஓக்-புன்னுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முள்ளங்கி நறுக்குவாள், பாதியில் வாசலுக்கு ஓடுவாள். அந்த டாக்ஸிதான் அவர்கள் சோறு. ஹாரன் பழுது என்று கி-வான் ஒப்புக்கொண்டால் அன்றே வண்டியை ஓட்டிப் போகலாம் என்று ஆய்வாளர் சொல்லியனுப்பியிருந்தார்.

"பழுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க, மியோங்-இ அப்பா. சொன்னா வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்?"

"சொல்றேன், சொல்றேன்." நம்பாமல் அவளும் பின்னாலேயே போனாள்.

"என்னய்யா, பழுதுதானே?" என்றார் ஆய்வாளர்.

கி-வான் இழுப்பறையைப் பார்த்தார். "இல்லீங்க ஐயா. ஹாரன் நல்லாத்தான் இருக்கு. அன்னிக்கு நான்தான் பழுது."

ஓக்-புன் தலையில் அடித்துக்கொண்டாள். "வீட்ல ஈ விரட்டவே என்னைக் கூப்பிடுற மனுஷன்! வாய் திறக்க இடம் பாத்தீங்களே!" வழியெல்லாம் திட்டினாள். ஆனால் அன்று ஆறு மணிக்குச் சற்று முன்னால், கத்தியைக் கீழே வைத்துவிட்டு, காவல் நிலையத்தைப் பார்த்த ஜன்னலைத் திறந்துவைத்தாள்.

உரிமம் போயிற்று. கி-வான் துறைமுகத்தில் மீன்கூடை சுமந்தார். அக்டோபரில் சட்டம் திருத்தப்பட்டது. டிசம்பரில் மக்களே அதிபரைத் தேர்ந்தெடுத்தார்கள்; ஜெயித்தவர் தெருவில் நின்றவர்கள் விரும்பிய ஆளில்லை என்பது வேறு விஷயம். வசந்தத்தில் ஹாரனோடு வண்டியும் உரிமமும் திரும்பி வந்தன. அதற்கடுத்த ஆண்டு தெருவில் பாட்டுப் போடுவதையே நிறுத்திவிட்டார்கள். ஹாரன் மட்டும் நிற்கவில்லை. ஆள் குறுக்கே வந்தால் எவ்வளவு அழுத்தினாலும் வாய் திறக்காது. கி-வான் தலையை வெளியே நீட்டிக் கத்தித்தான் வழி வாங்கினார். ஆறு மணிக்கு அது தானாக அலறும்.

"அதான் ஓட்டுரிமை வந்தாச்சே, இன்னும் என்னவாம் அதுக்கு?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"என்னை ஏன் கேக்குற? அதையே கேளு" என்று ஓக்-புன் அரிசியை அடுப்பில் ஏற்றினாள். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அந்தச் சத்தத்துக்குத்தான் உலை வைக்கிறார்கள்.